பதினேழாம் அத்தியாயம்

காரைக்குடியில் மே மாதம்.
விடைத்தாள் திருத்தும் கூடத்தில்
ஆறு மின்விசிறி, ஓடுவது நான்கு.
காலையில் ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு,
நடுவில் எலுமிச்சைச் சோறு.

கேள்வி பதினாறு. பத்து மதிப்பெண்.
'நாவலில் வரும் குறியீடுகள்
மாந்தரின் வலிமையையும் பலவீனத்தையும்
எவ்வாறு காட்டுகின்றன?'
விடைக்குறிப்பு எழுதிக் கொடுத்தவள் நான்தான்.
சாவிக்கொத்து: அதிகாரம்.
இரும்புப்பெட்டி: பேராசை.
உத்தரத்துத் தொட்டில் கொக்கி: பிள்ளையில்லாக் குறை.
பத்தொன்பது வருஷமாக இதைத்தான் நடத்துகிறேன்.
பிள்ளைகளும் இதையே திருப்பித் தருகிறார்கள்,
இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவாமல் தருவதுபோல.

இருபத்திரண்டாம் தாள்.
பெயர் தெரியாது, மடித்து ஒட்டியிருக்கிறது.
நீல மை, சாய்ந்த எழுத்து,
வரிக்கு இரண்டு ஒற்றுப்பிழை.

'உண்ணாமலை ஆச்சி நடந்தால் சாவி குலுங்கும்.
எல்லா அத்தியாயத்திலும் குலுங்கும்.
பதினேழில் மட்டும் குலுங்கவில்லை.
கொழுந்தனார் பத்திரத்தோடு வந்து நிற்கும் இரவு.
முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை ஆச்சி நடக்கிறார்.
ஆசிரியர் சத்தத்தை எழுத மறக்கவில்லை.
ஆச்சி கொத்தை உள்ளங்கையில் இறுக்கியிருக்கிறார்.

எப்படித் தெரியும் என்றால்
எங்க அம்மாவிடம் நாற்பத்தொரு சாவி இருக்கிறது.
வீடு அம்மாவுடையது இல்லை.
வீட்டுக்காரர்கள் பினாங்கில். படைப்புக்கு வருவார்கள்.
அவர்கள் வந்து தங்கும் நாட்களில்
அம்மா நடந்தால் சத்தம் வராது.
மற்ற நாட்களில் வளவு முழுக்கக் கேட்கும்.
ஆகவே சத்தம்தான் அதிகாரம்.
சத்தம் நின்றால் பயம்.
ஆனால் பிடித்த கையை விடவும் இல்லை.
அது வலிமையா பலவீனமா
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
மணி அடித்துவிட்டார்கள்.'

பையிலிருந்து நாவலை எடுத்தேன்.
அட்டை போன பிரதி.
பதினேழாம் அத்தியாயம், இரண்டரைப் பக்கம்.
லாந்தர் இருக்கிறது. கொழுந்தனாரின் செருமல் இருக்கிறது.
பல்லி சொல்வதுகூட இருக்கிறது.
சாவி இல்லை.
ஓரத்தில் என் பழைய பென்சில் எழுத்து:
'இங்கே குறியீடு எதுவும் இல்லை. விட்டுவிடலாம்.'

எட்டு போட்டேன்.

மூன்றரைக்கு டீ வந்தது. பின்னாலேயே
முதன்மைத் தேர்வாளர் சேவுகமூர்த்தி.
கட்டிலிருந்து அவர் உருவியது அந்தத் தாளைத்தான்.
'அம்மா கதை எழுதினதுக்கு எட்டா மேடம்?
குறிப்புல உள்ளது இதுல எது?
நாலாக்குங்க. நாலே தாராளம்.'

என் சிவப்புப் பேனா அமுக்கினால் டிக்கென்னும்.
யோசிக்கும்போதெல்லாம் அமுக்குவேன்.
பக்கத்து மேசை பாண்டிமாதேவி
நேற்றுகூட அதைப் பிடுங்கப் பார்த்தாள்.

அவர் காத்திருந்தார்.
குறிப்பைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லலாம்.
என் பதவி உயர்வுக் கோப்பு
அவர் கையெழுத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

டீயில் ஆடை படிந்தது.
நான் பேசவில்லை. எட்டைத் தொடவும் இல்லை.
பேனா என் உள்ளங்கைக்குள் கிடந்தது,
கட்டைவிரல் வெளுக்க.

'பாக்கலாம்' என்று அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.
இருபத்துமூன்றாம் தாளைத் திறந்தேன்.
'சாவிக்கொத்து அதிகாரத்தின் குறியீடு ஆகும்.'
சரி என்று போட மனமில்லை.
தப்பு என்று போடவும் முடியாது.
அது என் விடை.