எட்டாம் வேற்றுமை

உன்னைத் தண்டவாளத்தில் கண்டெடுத்ததாக
முதலில் சொன்னவள் நான்தான்.
இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.
மாத்தறை ரயில் வெள்ளவத்தையில் நின்றபோது
யாரோ ஒருத்தி பால்போத்தலோடு உன்னை
மேடையில் இறக்கிவிட்டு
ஏறிப் போய்விட்டாளாம்.
பச்சைக்கொடி காட்டும் கார்ட்
பின்னேரம் பின்னேரமாய் உன்னைத் தேடுகிறாராம்.

நம்பினாய்.
ஐந்தே முக்கால் வண்டிக்கு
மூன்றாம் மாடி பல்கனியில், காயும் துவாய்க்குப் பின்னால்
ஒரு கிழமை குந்தியிருந்தாய்.
அம்மா பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினா.
"அது போட்டோக்கொப்பி" என்றேன்.

பெயரிலும் பிழை என்னுடையது இல்லை.
நிர்மலன், விளித்தால் நிர்மலா.
ஒழுங்கைக்குள் நீ பந்து போட ஓடிவரும் நேரம் பார்த்து
"நிர்மலா! பால் குடிக்க வா!"
உன் கூட்டாளிகள் விக்கெட்டை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.
எட்டாம் வேற்றுமை, நான் என்ன செய்ய,
இலக்கணத்தோடு போய்ச் சண்டைபிடி.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை மணிக்கூட்டை
ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி,
இரசாயனவியல் கொப்பியோடு
காலிவீதியில் என்னையும் ஒரு சொறிநாயையும்
இருட்டுக்குள் நிற்கவைத்தாய்.
நாய்க்கு என்மேல் இரக்கம்.
காட்டிக்கொடுத்தவள் ஆர்த்திகா,
ஆறு வயது,
எங்கள் இரண்டு பேரிடமும் டொபி வாங்கிய உளவாளி.

பிறகு எனக்கு அந்தப் புத்தி வந்தது.
வகுப்பு முடிந்து வருகிற இரவுகளில்
படியில் நின்று கதவைக் குத்தி,
குரலைத் தடிப்பாக்கி,
"தொர அரின்ன! ஐசி!"
முதல்தரம் நீ கட்டிலுக்குக் கீழே போனாய்.
இரண்டாம்தரம் அப்பாவே எழும்பிச் சேட்டு மாட்டினார்.
எனக்கு ஏச்சு விழுந்தது.
மூன்றாம்தரத்துக்கு நீ ஆயத்தமாய் இருந்தாய்.

மூன்றாம்தரம், விடிய இரண்டு மணி.
நீதான் முந்தி ஓடினாய்.
தலையில் அப்பாவின் ஹெல்மெட்,
அதன்மேல் வெள்ளைப் படுக்கைவிரிப்பு,
கையில் இடியப்ப உரல்.
கதவைத் திறந்து
"ஊஊஊ, போடி அக்கா!" என்றாய்.

சப்பாத்துகள் அசையவில்லை.
டோர்ச் வெளிச்சம் விரிப்பில் ஏறியது.
நீ மெல்லத் திரும்பினாய்.
அறை வாசலில், சட்டை மாற்றிய நித்திரைக் கண்ணோடு
நான்.
உன் முகம் கணக்குப் பார்த்ததை அப்போது கண்டேன்:
அக்கா உள்ளே என்றால்
வெளியே யார்?

ஒருவன் விரிப்பைத் துவக்கின் நுனியால் விலக்கினான்.
சிரித்தானா, இருமினானா, தெரியாது.
பதிவுத்தாளை அப்பா மூன்று இடத்தில் தேடினார்.
எங்களை எண்ணினார்கள்.
அலுமாரியைத் திறந்தார்கள், மூடவில்லை.
போனார்கள்.
உரலை நீ விடிந்துதான் கீழே வைத்தாய்.

அதற்குப் பிறகு
சீனிப் போத்தலில் சீனியே இருந்தது.
மணிக்கூடு சரியான நேரம் காட்டியது.
"நிர்மலன், சாப்பிட வாங்கோ" என்று
எழுவாயில் கூப்பிட்டேன்.
"வாறன் அக்கா" என்றாய், மரியாதையாய்.
ஆர்த்திகாவுக்கு வருமானம் நின்றது.
அம்மா எங்கள் நெற்றிகளைத் தொட்டுப் பார்த்தா,
காய்ச்சலோ என்று.

பதினோராம் நாள்
பள்ளிக்கு வெளிக்கிட்டால் இடது செருப்பைக் காணவில்லை.
புழுங்குது என்று அப்பா ஃபானைப் போட்டார்.
செருப்பு ஒரு சுற்று சுற்றியது,
யோசித்தது,
பறந்துவந்து
அவருடைய பிளேன்டீக்குள் விழுந்தது.

பத்து நாளாய்ப் பேசாத மனிசன்
மூக்கில் வழிந்த தேத்தண்ணியைத் துடைத்தபடி
"எந்தக் கழுதையடா?" என்றார்.
ஆர்த்திகா கையை நீட்டினாள், டொபிக்கு.
நான் ஒழுங்கை முழுக்கக் கேட்க
"நிர்மலா!" என்று கத்தினேன்.

"என்னடி?" என்றது
குசினிக் கதவுக்குப் பின்னால்
எட்டாம் வேற்றுமை.