நான்கெல்லை

பெவரால் குடும்பத்துக்கு வேர் தேடித் தரச் சொல்லி
ஒஹாயோவிலிருந்து முன்பணம் வந்திருந்தது.
திருமதி கொரின் பெவரால் ஹாஸ்கெட் எழுதியிருந்தார்:
“முதலில் கப்பலேறி வந்தவர் பெயர் போதும்.
கேடயச் சின்னம் இருந்தால் இன்னும் நல்லது.”

எனக்கு மணிக்கணக்கில் கூலி.
வர்ஜீனியாவில் ஆற்றோரம் ஒரு நீதிமன்றம்,
அதன் கீழ்த்தளம்,
நாளெல்லாம் ஈரத்தை உறிஞ்சி முனகும் இயந்திரம்.

1667. நிலப் பட்டா.
கடல் கடத்திக் கொண்டுவந்த தலைக்கு
ஐம்பது ஏக்கர் என்று அரசன் அளந்த காலம்.
ஆம்ப்ரோஸ் பெவரால் பதினொரு தலை காட்டியிருக்கிறார்.
எண்ணிப் பார்த்தேன்.
அதில் மூன்று தலை அவருடையதே.
போனார், வந்தார், மறுபடி போனார், வந்தார்;
இறங்கும்போதெல்லாம் தன்னைத் தானே
இறக்குமதி செய்துகொண்டார்.
மனைவி தமசின் இரண்டு முறை.
மிச்சம் ஆறு பேரில் நாலு பேருக்குப் பெயர் உண்டு.
மற்ற இருவர், “ஒரு கறுப்பர்”, “ஒரு கறுப்பர்”.
அந்த நூறு ஏக்கர்தான்
ஆற்றை ஒட்டிய நல்ல மண்.

அப்புறம் ஒரு நூற்றாண்டுக்கு உயில்கள்.
உடல் நலிந்தும் நினைவு தெளிந்தும் இருக்கும் நான்,
மூத்தவனுக்கு மேட்டு நிலம்,
மகளுக்கு இறகு மெத்தை,
மருமகனுக்கு ஒரு ஷில்லிங், அதற்குமேல் ஒரு துரும்பும் இல்லை.
ஒரு பாட்டனாரின் பெயரைப் பூச்சி அரித்திருந்தது.
பூச்சிக்கு என்ன, குலமா கோத்திரமா.

1774. கில்பர்ட் பெவரால் காலமானார்.
அண்டை வீட்டார் மூவர் சத்தியம் செய்துவிட்டு
அறை அறையாய் நடந்து விலை போட்ட பட்டியல்.
நாலாம் புத்தகம், பக்கம் 212 என்றேன்.
ஆவண எழுத்தர் ஒடெஸா பிரிம்
புத்தகத்தை முதுகு படிய மேசையில் வைத்துக்
கையை எடுத்தார்.
அது தானாகவே அந்தப் பக்கத்தில் விரிந்தது.
“எங்க ஆளுங்க நிறையப் பேர் திறந்த பக்கம்,
தையல் விட்டுப்போச்சு” என்றார்.

கூடம்: சுவர்க்கடிகாரம் ஒன்று, ஓடாதது, இரண்டு பவுண்டு.
சமையற்கட்டு: பித்தளை அண்டா, விரிசலுடன், ஆறு ஷில்லிங்.
தொழுவம்: குருட்டுக் குதிரை, ஒரு பவுண்டு.
அதற்கு அடுத்த வரியில்
ஜூனோ, கிழவி, 0 – 0 – 0.

மூன்று சுழி.
ஒவ்வொன்றையும் மை தொட்டுத் தொட்டு
அவசரமில்லாமல் வட்டம் மூடியிருக்கிறான் எழுதியவன்.

“ஓடாத கடிகாரத்துக்கே…” என்று ஆரம்பித்தேன்.
“படிச்சிருக்கேன்” என்றார் ஒடெஸா.

புகையிலை மண்ணைத் தின்றது.
கடன் புகையிலையைத் தின்றது.
பேரன் விற்றுவிட்டு மேற்கே வண்டி கட்டினான்.
நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்,
கூலி அதுவரைக்கும்தான்.
ஆனால் நிலம் எங்கேயும் போகவில்லையே.

1791, கிரயப் பத்திரம்:
வடக்கே பெவரால் பாதை,
கிழக்கே இடி விழுந்த ஓக் மரம்,
தெற்கே ஜூனோவின் ஊற்று,
அங்கிருந்து ஓடை வழியே புறப்பட்ட இடம்வரை.

1838இல் பெவரால் பாதை வெறும் பழைய பாதை.
1902இல் ஓக் மரம், முன்பு ஓக் மரம் நின்ற இடம்.
1961இல் மரக் கம்பெனி வாங்கியபோது
மங்கிய தட்டச்சில், மேற்படி சொத்துக்குத்
தெற்கே ஜூனோவின் ஊற்று.
எல்லையில் நிற்கும் சொல்லைத் தொட
எந்த வக்கீலுக்கும் துணிச்சல் வரவில்லை.
உருவினால் நிலமே கோணிப்போகும்.

அவள் தோண்டினாளா, தண்ணீர் சுமந்தாளா,
அங்கே ஒளிந்திருந்தாளா,
எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அறிக்கை எழுதி முடித்தேன்:
கேடயச் சின்னம் கிடைக்கவில்லை.
முதலில் வந்தவர் ஆம்ப்ரோஸ், மூன்று முறை.
இணைப்பு: பத்திர நகல்கள் நான்கு.
அவர் கேட்காதவை; அவற்றுக்குக் காசு வேண்டாம்.

நகலெடுத்த தாள்களைத் தட்டி அடுக்கிய ஒடெஸாவிடம்
ஊற்று இன்னும் இருக்கிறதா என்றேன்.
“வெயில் காலத்துல வத்திடும்.
மார்ச்சுல வாங்க,
மணலைச் சுழிச்சுக்கிட்டு மேலே வரும்.
ரப்பர் பூட்ஸ் போட்டுக்கோங்க,
அங்கே கால் புதையும்.”