முப்பத்தெட்டுக் கையெழுத்து

ஹாம்பர்க்கிலிருந்து மின்னஞ்சல் வந்தது:
கைநாட்டு இனிச் செல்லாது.
சம்பளப் பதிவேட்டில் ஒவ்வொருவரும்
கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.
தணிக்கை இருபத்தொன்றாம் தேதி.

பொம்மனஹள்ளி, மூன்றாவது மாடி,
நான்காம் வரிசையும் ஆறாம் வரிசையும்.
முப்பத்தெட்டுப் பெருவிரல்கள்.
அஞ்சல்வழி பி.காம். முடித்தவள் என்பதால்
வகுப்பு என் தலையில் விழுந்தது.

மணிக்கு நூற்றிருபது காலர் என்று எழுதும் பலகையைத்
துடைத்துக் கொடுத்தார்கள்.
சாப்பாட்டு நேரத்தில் பாதியும் கொடுத்தார்கள்.
அந்தப் பாதி அவர்களுடையதுதான் என்பது
எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எந்த மொழியானாலும் சரி என்றேன்.
நிறையப் பேர் கன்னடம் கேட்டார்கள்.
ஒடிசாக்காரி ஒருத்தி வட்டவட்டமாகச் சுழித்துத்
தன் பேரை எப்படியோ கொண்டுவந்து நிறுத்தினாள்.
ஜோதம்மாவுக்கு இங்கிலீஷ்தான் வேண்டுமாம்:
"ஏ.டி.எம். அட்டையில என் பேரு அப்படித்தானே இருக்கு."

பலகைச் சாக்பீஸ் அவளிடம் உடைந்துகொண்டே இருந்தது.
தையல் சாக் கொடுத்தேன், தட்டையான நீலம்.
வெட்டுத் துணியில் எழுதினாள்,
அக்குள் வளைவுக்குக் கோடு போடுகிற மாதிரி.
எட்டு எழுத்து. இரண்டு வாரம்.

ஹாம்பர்க்காரர் வந்தார், பார்த்தார், படமெடுத்தார்.
எழுபதாயிரம் சட்டை உறுதியானது.
கன்டெய்னர் ஒயிட்ஃபீல்டுக்குக் கிளம்பிய சாயங்காலம்
ஆளுக்கொரு மைசூர்பாகு.
ஏற்றுமதி உயர்வு, வளர்ச்சி ஏழு சொச்சம் என்று போட்ட
பேப்பரில் சுற்றியிருந்தார்கள்.
எழுத்தின்மேல் நெய் ஊறியிருந்தது.

ஏழாம் தேதி சம்பளச் சீட்டோடு வந்தாள் ஜோதம்மா.
"என் பேரு நடுவுல வருமே, ஓ, டி,
அது ரெண்டும் இங்க தனியா நிக்குதே. எதுக்கு?"
ஓவர்டைம், என்றேன்.
நேரே பதினொன்று என்றிருந்தது.
விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
இருபத்தாறில் நின்றாள்.

எண் அவளுக்கு எப்போதும் தெரியும்.
எந்த எண்ணுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான்
தெரியாமலிருந்தது.

அந்தப் பதினொன்றை அடித்தவள் நான்.
மேலேயிருந்து தாள் வரும், அப்படியே ஏற்றுவேன்.
என் சொந்தச் சீட்டைக்கூட
நான் கணு தொட்டுப் படித்ததில்லை.

மறுநாள் ஆறு பேர் வந்தார்கள், சீட்டைப் பிரித்தபடி.
அதற்கு மறுநாள் பலகை வரிசைக்குத் திரும்பிவிட்டது,
மணிக்கு நூற்றிருபத்தைந்து.
ஈரத்துணி எட்டாத மூலையில் ஒரு டி மட்டும்,
நீலத்தில்.

இந்த மாதத் தாள் வந்திருக்கிறது.
ஜோதம்மா: ஒன்பது.
கர்சர் கட்டத்துக்குள் துடிக்கிறது.
கீழே மெஷின்கள் நிற்கிற நேரம் இது.
படியில் யாரோ ஏறி வருகிறார்கள்,
ஒருத்தி அல்ல.