முன்கையைப் பார்

குள்ளத் தவளை இரண்டு, ஒன்று நாலு யூரோ.
கடையை மூடுகிற அவசரத்தில்
பாலித்தீன் பையை முடிந்து கொடுத்தான் யோர்மா.
ஓவுலு நகரில் அன்று மைனஸ் இருபத்தாறு.
பையைக் கோட்டுக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்து
டிராக்டர் நிற்கும் இடம் வரை நடந்தேன்.

இரவெல்லாம் சாலையில் பனி வழிப்பது என் வேலை.
விடிந்து வந்தால்
(விடிவதென்ன, பத்து மணிக்குக் கொஞ்சம் சாம்பல்)
பூட்ஸைக் கழற்றாமல் தொட்டி முன் உட்கார்வேன்.
இரண்டும் கைகளை விரித்துத் தொங்கும்,
மாடியிலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல
கண்கள் மட்டும் மேலே.

மார்ச்சில் ஒன்றுதான் இருந்தது.
ஹீட்டருக்குப் பின்னால், காலணிகளுக்குள்,
மாவு டப்பாவில்கூடத் தேடினேன்.
மிச்சமிருந்தது உள்ளங்கை அளவு வளர்ந்து
ஒன்றும் அறியாத முகத்தோடு மிதந்தது.

‘முன்கையைப் பார்’ என்றான் யோர்மா, போனில்.
‘விரல்களுக்கு நடுவே தோல் இருக்கிறதா?’
டார்ச் அடித்தேன்.
நாலு விரல், தனித்தனியாக.
ரொட்டி பிய்க்கிற விரல்கள்.
பின்னங்காலில் மூன்று கறுப்பு நகம்,
மையில் தொட்டு எடுத்தாற்போல.
விலாவில் வரிசையாக வெள்ளைத் தையல்,
அறுத்தவர்கள் அவசரமாக மூடிவிட்டுப் போனதுபோல.
‘அப்போ அது குள்ளன் இல்லை, நகத்தவளை.
தப்பு என்னுடையது.
இருபது வருஷம் இருக்கும்.’
எனக்கு நாற்பத்தொன்பது.
கூட்டிப் பார்க்காமல் போனை வைத்தேன்.

தன் வாயால் கெடும் என்ற பழமொழி
இதனிடம் செல்லாது. நாக்கே கிடையாது.
இறைச்சித் துண்டை இரண்டு கையாலும் திணிக்கும்,
பேருந்துக்கு நேரமாகிவிட்டவள்போல.
உரித்த தோலையும் தின்னும்.

‘ஆற்றில் விட்டுவிடு’ என்றான் பட்டறை வெய்யோ.
ஆறு அப்போது அரை மீட்டர் கண்ணாடி.
கோடையில் விட்டாலும்,
செத்தால் ஒரு பாவம்,
பிழைத்தால் ஊர்ப்பட்ட பாவம்.
அறுபது லிட்டர் தொட்டி வாங்கினேன், மூடியோடு.
மூடி மேல் ஒரு கல்.

நூலகத்துப் புத்தகத்தில் படித்தேன்:
முன்பு ஆஸ்பத்திரிகளில்
பெண்ணின் சிறுநீரை இதன் தோலடியில் ஏற்றுவார்களாம்.
விடிவதற்குள் முட்டையிட்டால், ஆம்.
இடாவிட்டால், இல்லை.
நான் யாரிடமும் கேட்காமலே விட்ட கேள்வி;
கேட்கிற காலமும்
போன அக்டோபரோடு தீர்ந்திருந்தது.

பனிக்குப் போட்ட ஜல்லியைக் கூட்டியெடுக்கும் மே மாதம்.
இருட்ட மறந்த ஒரு ராத்திரி வீடு வந்தால்
கண்ணாடியில், செடியில், ஃபில்டர் குழாயில்
கடுகு கடுகாய் முட்டை,
பாதி கறுப்பு, பாதி வெளுப்பு.
ஊசி இல்லை. ஆண் இல்லை.
கேட்டவர் யாரும் இல்லை.
அது கைகளை விரித்துக் கொஞ்சநேரம் தொங்கியது.
பிறகு ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கியது.

குளோரின் போக நேற்றே பிடித்துவைத்த நீர்
வாளியில் இருந்தது.
விரல் விட்டுப் பார்த்தேன். அறையின் சூடுதான்.
ஓரமாக ஊற்றினேன்,
அதன் மேல் படாமல்.