ஏழாம் தடம், இரவுப் பணி

இரண்டு நாற்பதுக்கு வந்தது அந்த வெள்ளைக் கார்.
ஃபாஸ்டேகில் இருப்பு இல்லை.
இரட்டைக் கட்டணம் என்றேன்.
ஒரு இரவில் நாற்பது தடவையாவது
இதைச் சொல்கிறேன்.
என் பெயரை யாரும் அத்தனை தடவை கேட்டதில்லை.

தெலுங்கில் என் அம்மாவைச் சொன்னான்,
கன்னடத்தில் என்னை.
கிருஷ்ணகிரிக்காரிக்கு இரண்டும் புரியும்,
அதுதான் கஷ்டம்.
பிறகு தமிழில்:
"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே எந்தத் தெருன்னு."
சில்லறையை அள்ளி எறிந்தான்.
ஒரு நாணயம் கண்ணுக்குக் கீழே பட்டது.
தடுப்புக்கட்டை உயர்ந்தது. போனான்.

நாகவேணி ஆறாம் தடத்திலிருந்து ஓடிவந்து
மேசைக்கடியில் பொறுக்கினாள்.
எண்ணினோம். பத்து ரூபாய் குறைவு.
என் பர்ஸிலிருந்து போட்டேன்.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார்.
திரையில் படம் காட்டினார்:
மனம் ஒரு சுங்கச்சாவடி, எண்ணங்கள் வண்டிகள்,
நிறுத்தாதீர்கள், போக விடுங்கள்.
நாங்கள் பதினோரு பேரும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
சும்மா போக விட்டால் முனிராஜு சார்
சம்பளத்தில் பிடிப்பார், மேடம்.

ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்.
தினமும் நடந்த நல்லது மூன்று எழுத வேண்டும்.
எழுதுகிறேன். சிரித்துக்கொண்டேதான்,
ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இது வேறு மாதிரி.
அப்பா தங்கவயல் சுரங்கத்தில் இருந்தவர்,
அங்கேயே புத்தரிடம் போனவர்,
எனக்குக் கௌதமி என்று பெயர் வைத்தவர்.
பௌர்ணமிக்குப் பௌர்ணமி காவேரிப்பட்டினத்தில்
ஒரு தையல் கடை மாடியில் உட்காருவோம்,
பாயில், இருபது பேர்.
மூச்சைக் கவனி. அப்புறம் நலம் சொல்லு.
முதலில் உனக்கு, பிறகு பிடித்தவருக்கு,
பிறகு முன்பின் தெரியாதவருக்கு,
கடைசியில் அவனுக்கு.
எப்போதும் ஒரு அவன் இருக்கிறான்.
அந்த இடம் வரும்போது
நான் வழக்கமாகச் செருப்பைத் தேடுவேன்.

மூன்று மணிக்கு வண்டிகள் குறைந்தன.
கன்னம் எரிந்தது.
கோபம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.
தாடையில். இடது கட்டைவிரலில்,
அது ரசீது இயந்திரத்தின் பொத்தானை
அழுத்திக்கொண்டே இருந்தது, காகிதம் வரவில்லை.
மூச்சு உள்ளே போனது: டீசல்.
வெளியே வந்தது. மறுபடி டீசல்,
மாம்பழக்கூழ் ஆலையின் புளித்த வாடை கொஞ்சம்.
நான் நலமாக இருக்கட்டும், என்றேன்.
கூச்சமாக இருந்தது.

ராயக்கோட்டைத் தக்காளி லாரி ஒன்று நின்றது.
கிளீனர் பையன் கண்ணாடியில் கன்னம் நசுங்க
வாய் திறந்து தூங்கினான்.
இவனுக்கு நலம் தானாக வந்துவிட்டது,
கேட்காமலே.

அவனுக்கு, என்று ஆரம்பித்தேன்.
தொண்டையில் டேம் மீனின் முள்.
அவன் நலமாக... இல்லை.
அவன் மகிழ்ச்சியாக... சுத்தமாக இல்லை.
கார் இந்நேரம் தர்மபுரியைத் தாண்டியிருக்கும்.
அடுத்து தொப்பூர் இறக்கம்.
அங்கே நசுங்கியவற்றை
கிரேனில் தொங்கவிட்டுக் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன்,
ஒன்றில் குழந்தை இருக்கை இருந்தது.
உன் பிரேக் பிடிக்கட்டும், என்றேன்.
அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை.
பிரேக் மட்டும்.

மன்னித்துவிட்டேன் என்று
யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம்.
நாளைக்கு வந்தாலும் இரட்டைக் கட்டணம்தான்.

நோட்டில் எழுதினேன்:
ஒன்று, நாகவேணி முட்டி போட்டுத் தேடியது.
இரண்டு, தூங்கிய பையன்.
மூன்றைக் காலியாக விட்டேன்.

ஆறரைக்கு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து
ஷூவைக் கழற்றினேன்.
பத்து ரூபாய் நாணயம் விழுந்து உருண்டது.
அவன் எறிந்தது. நான் ஏற்கெனவே கட்டியது.
யாருடையது என்று தெரியவில்லை.
கண்டக்டர் வந்தார். தெரிந்தும் நீட்டினேன்.
"லேடீஸுக்கு ஃப்ரீம்மா" என்று
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.
சையத் பாஷா மலையில் வெயில் ஏறும்வரை
அது என் உள்ளங்கையில் கிடந்தது,
சூடாகிக்கொண்டு.