இருநூறு மில்லி

பிப்ரவரி. ஒபிஹிரோவுக்கு வடக்கே
பனியை வாரி ஒதுக்கிய சாலையின் கடைசிப் பள்ளி.
நூற்றுப் பதினான்கு படிவங்கள் என் மேசைமேல்.
நான் இங்கே சத்துணவு ஆசிரியை.
கலோரி எண்ணுவது பிழைப்பு.

முதல் கேள்வி: நீ தினமும் பால் குடிக்கிறாயா?
ஏழாம் கேள்வி: உன் வீட்டில் யார் யார் குடிக்கிறார்கள்?
இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து
தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று
மேலிடத்துக்கு எழுதி அனுப்பவேண்டும்.

கோடு நன்றாகத்தான் விழுகிறது, பெரும்பாலும்.
டாக்டர் வீட்டுப் பையன் ஷூமா
கொழுப்பு நீக்கியது, கண்ணாடி பாட்டில், காலை ஆறரை என்று
மூடியின் நிறம் வரைக்கும் எழுதியிருக்கிறான்.
நெடுஞ்சாலை நூடுல்ஸ் கடைக்காரர் மகள் குருமி:
"அப்பா பீர். அம்மா காப்பி. நான் மிச்சம்."
எதன் மிச்சம் என்று எழுதவில்லை.

இப்பேய் வீட்டில் எண்பது மாடு.
நாலு மணிக்கு எழுந்து
கன்றுகளுக்குப் புகட்டிவிட்டுத்தான் வருகிறான்,
சட்டைக் கையில் அந்த வாசனையோடு.
ஏழாம் கேள்விக்கு அவன் பதில்: "கன்றுகள்."
விலைபோகாத பாலை அவன் அப்பா
சாக்கடையில் திறந்துவிட்ட அன்று
குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்.
பள்ளியில் தன் பெட்டியை
மூக்கைப் பொத்திக்கொண்டு குடிப்பான், கசாயம் போல.

ஷிஹோ:
"எல்லோரும். தினமும். நிறைய."
பென்சிலை அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது.
சாப்பாட்டுக் கட்டணத்தை
இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்க வந்த அவள் அம்மா
சர்க்கரை ஆலை ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல்
வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்.

ஊரெல்லாம் காய்ச்சல். தினமும் யாராவது வருவதில்லை.
வராதவரின் பால் வேண்டுமென்றால்
கை தூக்கவேண்டும்;
கல், தாள், கத்தரி போட்டு ஜெயிக்கவேண்டும்.
ஐந்தாம் வகுப்பில் தூக்குவது இரண்டே பேர்.
ஷிஹோ. அப்புறம், பால் என்றாலே குமட்டுகிற இப்பேய்.

எனக்குப் புரிய ஒன்பது நாள் ஆயிற்று.
ஒரு கை மட்டும் உயர்ந்தால் அது பசி.
இரண்டு உயர்ந்தால் விளையாட்டு.
அவன் எப்போதும் கல்.
அவள் எப்போதும் தாள்.
தோற்றதும் "சே!" என்று மேசையைத் தட்டுவான்,
கொஞ்சம் மிகையாகவே.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது,
கெட்டுவிடும் என்கிறது விதி.
வெளியே மைனஸ் பதினேழு.
தம்பிக்கான கனத்தோடு அவள் பை வாசலைத் தாண்டும்போது
நான் ஏதாவது ஒரு கூட்டலில் மூழ்கியிருப்பேன்.

இன்று வராதவன் இப்பேய்.
அவன் தட்டில், திறக்காத அவன் பால்.
"யாருக்கு?" என்றார் வகுப்பாசிரியர்.
ஷிஹோ கை மடியில் கிடந்தது.
ஷூமா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.
ஹீட்டர் உறுமுவது கேட்டது.

எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது.
என் அம்மாவுக்கும் ஆகாது. அதை எந்தப் படிவமும்
என்னிடம் கேட்டதில்லை.
கை தூக்கினேன்.

வகுப்பு சிரித்தது.
ஷிஹோ என்னையே பார்த்தாள், ரொம்ப நேரம்.
பிறகு எழுந்து வந்தாள்.

கல்லை நீட்டினேன், இப்பேய் நீட்டுவது போலவே.
அவள் கத்தரி போட்டாள்.

தெரியாமலா, தெரிந்தா,
அவள் முகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.
முப்பது ஜோடிக் கண்கள் பார்த்திருக்க
ஸ்ட்ராவைக் குத்தி இருநூறு மில்லியும் குடித்தேன்.
சாயந்திரம் வரை
வயிறு என்னோடு பேசிக்கொண்டே இருந்தது.