இன்னும் கொஞ்சம் மஞ்சள்

பன்னிரண்டு நாள் தண்ணிக்குள் கிடந்த சம்பா
அமிர்தகடேசன் போனில்
பச்சைப் பசேலென்று நிற்கிறது.
"இதைப் பாத்தா எவன் குடுப்பான் இன்சூரன்ஸ்?"

திருத்துறைப்பூண்டியில் என் ஸ்டுடியோவுக்கு
இன்று இவர் ஏழாவது ஆள்.
வயலென்று கண்டாலே
பச்சையைப் பூசிவிடுகிறது போன்.

வெள்ளை எது, காட்டு என்கிறது கணினி.
வேட்டி முழங்கால்வரை சேறு.
உரச்சாக்கில் நீலம் ஏறியிருக்கிறது.
வரப்போரம் ஒரு கொக்கு.
பெரிதாக்கி
அதன் முதுகைத் தொட்டேன்.

வடிந்தது பச்சை,
எந்த வாய்க்காலும் வடியாத வேகத்தில்.
அடியில் பழுப்பு. அழுகின தூர்.

"இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஏத்தும்மா."

ஏற்றினேன்.
கொக்கும் மஞ்சளாயிற்று.
இறக்கினேன்.

பிரிண்டர் சூடாகும்வரை
திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்
மெல்லக் கேட்டார்:

"கொக்கை வெட்டிட்டா?"